யாரும் இல்லாத பதினைந்து நிமிடம்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரமிளா கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாள். நாற்காலி போட்டு ஏறி, முள்ளைத் திருப்பி, தூசி துடைக்கிறவள் போல ஒரு பழந்துணியையும் கையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் விக்னேஸ்வரன் மனசுக்குள்ளேயே பதினைந்தைக் கழித்துவிட்டு சாவகாசமாகப் பல் துலக்குவான். அவளும் அதைத்தான் செய்வாள். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

இரண்டு வருஷமாக அவளுடைய ஆபீஸ் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது. மடிக்கணினியைத் திறந்தால் வேலை, மூடினால் வீடு. இப்போது எல்லோரும் திரும்பி வரவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரைக்கும் கார் ஓட்டி, நிறுத்த இடம் தேடி, எட்டு மணிக்குள் விரலை வைத்து வருகையைப் பதியவேண்டும். முதல் இரண்டு வாரத்தில் இரண்டு நாள் தாமதம். மூன்றாவது தாமதத்துக்குக் கடிதம் வரும்.

அதனால்தான் குளிர்பெட்டிக் கதவில் அந்த அட்டவணை ஒட்டப்பட்டது. பிரமிளா 6.50. விக்னேஸ்வரன் 7.30. குமுதாக்கா 7.30.

முதல் இரண்டும் கிளம்பும் நேரம், கடைசியது துணைக்கு வரும் குமுதாவின் நேரம். ஒருவர் கிளம்பும் நேரத்தில் அடுத்தவர் வந்து நிற்கவேண்டும். யுகேந்திரன் தனியாக இருக்கக் கூடாது. அந்த அட்டவணை முழுக்க அவனுக்காகத்தான்.

யுகேந்திரன் விக்னேஸ்வரனின் தம்பி. வயது முப்பத்து நாலு. ஒரு கிடங்கில் ஜாகாவாக, இரவுக் காவலாளியாக, வேலை பார்த்தவன். ஒரு நாள் விடிகாலையில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி அவனை அடித்துப் போட்டது. மண்டை ஓட்டைத் திறந்து மூடினார்கள். உயிர் பிழைத்தான். பேச்சு வந்தது, நடை வந்தது. நேற்று நடந்தது மட்டும் இன்று நிற்பதில்லை.

மோட்டார்தான் தப்பான பக்கம் வந்தது என்று லோரி முதலாளி சாதிக்கிறார். பார்த்த சாட்சி வேறு யாருமில்லை. வரும் திங்கட்கிழமை வழக்கு. வக்கீல் ஆம்புரோஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்: எந்தக் காகிதத்திலும் யுகேந்திரன் கை படக்கூடாது, எவர் கேட்டாலும். மருத்துவமனைக் கட்டிலண்டை ஆப்பிள் பையோடு வந்து உட்கார்ந்து, நல்லபடியாகப் பேசி முடித்துக்கொள்ளலாமே என்று சிரித்த ரூபனை வைத்துத்தான் அதைச் சொன்னார். ரூபன் லோரி முதலாளியின் ஆள். அவன் முகத்தைப் பிரமிளா அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இன்று வியாழக்கிழமை.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டும்போதே யுகேந்திரன் மேசையில் உட்கார்ந்திருந்தான். தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். முன்னால் அவனுடைய பதிவு நோட்டு. ஜாகா வேலையில் படிந்த பழக்கம் அது ஒன்றுதான் அடிபடாமல் மிஞ்சியது. யார் வந்தாலும் போனாலும் மணி பார்த்து எழுதிவிடுவான். உள்ளே வந்தால் மாசுக், வெளியே போனால் கெலுவார். தபால்காரன், எரிவாயு கொண்டுவருகிறவன், பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாம் அதில் உண்டு. ஆரம்பத்தில் எடுத்துப் படித்துச் சிரித்தார்கள். இப்போது அலமாரியில் முப்பது நோட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது, யாரும் தொடுவதில்லை.

"அண்ணி, இன்னைக்கும் பேர் கூப்பிடலையா?"

மூன்று வாரமாக இதே கேள்வி. வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, காலை எட்டு மணிக்குக் குழுத் தலைவி வெண்டி திரையில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் யுகேந்திரன் அதைத் தன்னுடைய வேலை வரிசை என்றே எடுத்துக்கொண்டான். ஒரு நாள் அவன் குரல் கேட்டு வெண்டி, கடைசியாக "யுகேந்திரன்?" என்றாள். "இருக்கேன்" என்று எழுந்து நின்றான். அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டாள். பெயர் கூப்பிட்ட நாளெல்லாம் அவன் சாந்தமாக இருப்பான். கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இப்போது எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை.

சாயங்காலம் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே அவன் பசியாறிய தட்டை எடுத்தாள். வலது கட்டைவிரலில் நீலமாக மை. பேனா ஒழுகுகிறது, வேறு வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

அவன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். தொலைக்காட்சிச் செய்தியோடு தினமும் ஒப்பிட்டு வைக்கிற கடிகாரம் அது. ஒரு நிமிடம் பிசகாது.

"வீட்டுக் கடிகாரம் தப்பு அண்ணி. பதினஞ்சு."

திங்கட்கிழமையும் இதையே சொன்னான். நேற்றும் சொன்னான். பிரமிளா குளியலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே விக்னேஸ்வரன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

"தெரியும் யுகேன். அண்ணன்கிட்ட சொல்லிடாத. நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். அவனை நம்பி யாரும் ரகசியம் சொல்லி வெகுநாளாயிற்று.

செம்மோர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு மலைகளின் தலை தெரியவில்லை. முன்னால் ஒரு செம்பனை லோரி, ஒரு பின்விளக்கு எரியாமல், குலைகள் வலைக்குள் பிதுங்கி ஆடிக்கொண்டு போயிற்று. முந்தாமல் பின்னாலேயே போனாள். லோரி என்றால் இப்போதெல்லாம் அவள் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடுகிறது. அப்படியும் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விரலை வைத்துவிட்டாள். இயந்திரம் பச்சை காட்டியது. இந்த வாரம் ஒரு நாளும் தாமதமில்லை. தள்ளி வைத்த கடிகாரத்துக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

எட்டு மணிக்கு வெண்டி எல்லோரையும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டாள். கடைசிப் பெயருக்குப் பிறகு பழக்கத்தில் ஒரு கணம் நிறுத்தினாள். அப்புறம் பிரமிளாவின் மேசைக்கு வந்து கொழுந்தனைப் பற்றி விசாரித்தாள். தினமும் கேட்கிறான் என்று பிரமிளா சொன்னாள். வெண்டிக்கு முகம் இளகியது.

"நாளைக்கு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடியோ போடுலா. நான் கூப்பிடறேன். அதுக்கென்ன. ஆனா நீ லேட்டா மட்டும் வராத பிரமிளா, மேல உள்ளவங்க உன் பேரைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

கூரியர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு அது. வராத பொட்டலங்களுக்காக மதியம் வரை ஊர் உலகத்தின் திட்டையெல்லாம் வாங்கிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் குமுதாவுக்கு அழைத்தாள். நாளைக்கு எட்டு மணிக்கு போனைத் தயாராக வைக்கச் சொல்லவேண்டும்.

குமுதா பின்வரிசை வீட்டுக்காரி. காலையில் மகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு நேராக இங்கே வந்து, மூன்று மணிவரை யுகேந்திரனோடு இருப்பாள். விக்னேஸ்வரன் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து திரும்பியதும் போய்விடுவாள். போனில் பேசினால் சுருக்கமாகப் பேசத் தெரியாது. யுகேந்திரன் சோறு சாப்பிட்டான், கீரை சாப்பிடவில்லை, இன்றைக்குப் பழைய ஜாகா சட்டையைத் தேடி எடுத்து அயர்ன் பண்ணித் தரச் சொன்னான், பண்ணிக் கொடுத்தேன், பாவம் ஆசையாக இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். பிரமிளா சோற்றைப் பிசைந்தபடி ம் கொட்டினாள்.

"ஆமா, உன் வீட்டுக்காரரு என்ன இந்த வாரம் பூரா இவ்வளவு வெள்ளனமே கெளம்பிடறாரு? ஏழே காலு தாண்டினதும் ஸ்கூல் சிம்பாங் முக்குல தெனமும் எனக்கு எதிர்க்க மோட்டார்ல போறாரு."

பிரமிளாவின் கை தட்டிலேயே நின்றது.

ஏழே கால்.

அட்டவணையில் ஏழரை. விக்னேஸ்வரன் ஏழரைக்குத்தான் கிளம்புகிறான், கூடத்துக் கடிகாரத்தில் ஏழரைக்கு. குமுதா ஏழரைக்குத்தான் வருகிறாள், பள்ளிக்கூட மணியின் ஏழரைக்கு. இரண்டு பேரும் சொன்ன சொல் தவறவில்லை. அவள்தான் இரண்டு ஏழரைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறாள். தன் தாமதத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு முள்ளைத் திருப்பினாளே தவிர, அந்தக் கடிகாரத்தைப் பார்த்து இன்னொருவரும் கிளம்புகிறார் என்பது தோன்றவே இல்லை.

நாலு நாள். நாளுக்குப் பதினைந்து நிமிடம்.

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, நீங்கள் வரும்போது கேட் எப்படி இருக்கும் என்று கேட்டாள். பூட்டினபடிதான் இருக்கும், நான்தானே என் சாவியைப் போட்டுத் திறக்கிறேன் என்றாள் குமுதா. யுகேந்திரன்? மேசையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பான். அடுப்பு? அணைந்திருக்கும். ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று குமுதா திருப்பிக் கேட்டதும், சும்மாதான் என்று பேச்சை மாற்றினாள்.

பூட்டிய கேட். அணைந்த அடுப்பு. ஒன்றும் நடக்கவில்லை. மாரியாத்தா காப்பாற்றினாள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக முள்ளைத் திருப்பி வைத்துவிடவேண்டும் என்று முடிவெடுத்தாள். விக்னேஸ்வரனுக்குத் தெரிய வேண்டாம். ஏற்கெனவே அவன் இந்த வழக்கின் மேல் சலித்துப் போயிருக்கிறான். போன வாரம் ஆம்புரோஸ் ஆபீஸில், எத்தனை தடவை லீவு போடுவது, இவனை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் இழுப்பது என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தவன்தானே.

ஆனாலும் மதியத்துக்கு மேல் அவளுக்கு வேலை ஓடவில்லை. மனம் ஒரே இடத்தில் போய்ப் போய் முட்டியது. நீலக் கட்டைவிரல். யுகேந்திரன் எழுதுவது கறுப்புப் பேனாவில். மொத்தமாக ஒரு பெட்டி அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கூடத்துக் கடிகாரம் ஏழு மணியை நெருங்கியிருந்தது. உண்மையில் ஆறே முக்கால் ஆகவில்லை. விக்னேஸ்வரன் பின்னால் குளித்துக்கொண்டிருந்தான். யுகேந்திரன் அவளைப் பார்த்ததும் மணி பார்த்து எழுதினான். நாற்காலி முதுகில், மடிப்புக் கலையாமல், அந்த நீலச் சட்டை தொங்கியது. தோள்பட்டையில் பழைய நிறுவனத்தின் முத்திரை.

"நோட்டைக் கொஞ்சம் குடு யுகேன்."

மேலதிகாரியிடம் நீட்டுகிறவன் போல இரண்டு கையாலும் கொடுத்தான். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பக்கங்களைத் திருப்பினாள்.

திங்கள். 7.15 அண்ணன் கெலுவார். 7.16 வெள்ளைக் காடி, எதிரே நிற்கிறது. அதன் கீழே அந்தக் காரின் எண். 7.29 வெள்ளைக் காடி போய்விட்டது. 7.30 குமுதாக்கா மாசுக்.

செவ்வாய். 7.15 அண்ணன் கெலுவார். 7.17 வெள்ளைக் காடி, ஒரு ஆள், மாசுக். 7.28 கெலுவார்.

புதன். அதே. இன்று காலை. அதே. எழுத்து கோணலாக இருந்தாலும் ஒரு விவரம் விடுபடவில்லை. வருகிறவர் பெயரைக் கேட்டு எழுதவேண்டும் என்பது ஜாகா வேலையின் முதல் பாடம். அதையும் கேட்டு எழுதியிருந்தான்.

பெயர்: ரூபன். காரணம்: வேலை.

பிரமிளா நோட்டை மேசையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். மை இன்னும் நகக்கண்ணில் இருந்தது. விபத்துக்குப் பிறகு அவன் கையெழுத்து ஒரு தடவை போட்டது மறு தடவை வருவதில்லை. அதனால் எங்கே போனாலும் கைநாட்டுத்தான் வாங்குகிறார்கள்.

இந்த ஆள் வந்து என்ன செய்தார் என்று மெதுவாகக் கேட்டாள். அவனுக்கு நினைவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு முகம் மலர்ந்தது.

"பேர் கூப்பிட்டாரு அண்ணி. யுகேந்திரன்னு. நான் இருக்கேன்னு சொன்னேன்."

அவள் அவன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க வேலைக்குப் போயிட்டீங்கள்ல. இனிமே அவருதான் கூப்பிடுவாரு."

"கேட் பூட்டியிருந்துச்சே யுகேன். நீயா தெறந்தே?"

அவன் சிரித்தான். தன்னிடம் சாவி கிடையாது என்பதைக்கூட அண்ணி மறந்துவிட்டாளே என்பது போல.

"அவருகிட்ட சாவி இருக்கு."

அந்த வீட்டுக் கேட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று அவள் பையில். தடவிப் பார்த்தாள், இருந்தது. குமுதாவின் சாவி காலையிலும் இருந்தது, மாலையிலும் அவள் இடுப்பில் தொங்கியிருக்கும். மூன்றாவது, கதவோரம் ஆணியில் மாட்டியிருக்கும் விக்னேஸ்வரனின் கொத்தில். எழுந்து போய் விரலால் எண்ணினாள். மோட்டார் சாவி, லாக்கர் சாவி, கேட் சாவி. மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. அப்படியென்றால் நாலாவதாக ஒன்றை யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு மூன்று கேட் சாவிகளில் ஒன்று ஒரு மணி நேரமாவது வெளியே போயிருக்கவேண்டும்.

யுகேந்திரன் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். நாளைய தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். மறந்துவிடக்கூடாது என்று சொன்னார்களாம், அதனால் முன்கூட்டியே எழுதிவிட்டானாம்.

7.20 யுகேந்திரன் கெலுவார்.

குளியலறைக் கதவு திறந்தது. விக்னேஸ்வரன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். பிரமிளா நோட்டை மூடினாள். தம்பியின் நீலச் சட்டையை அவன் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. என்ன குழம்பு என்று கேட்டான். மத்தியானக் குழம்பு இருக்கிறது என்றாள்.

இப்போதே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடிகாரத்தைத் தள்ளி வைத்தது நான்தான், என் புத்தி கெட்டுப் போய்விட்டது, ஆம்புரோஸுக்கு போன் போடுங்கள் என்று. அவன் அண்ணன். இந்த வீட்டில் யுகேந்திரனுக்கு அவளைவிட அவன்தானே சொந்தம்.

"ஏங்க," என்று ஆரம்பித்தாள். கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. "இந்தக் கடிகாரம்..."

அவனும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"முன்னால ஓடுது பிரமி. பதினஞ்சு நிமிசம். திங்கக்கிழமையே பாத்தேன். நீதானே வச்சே? இருக்கட்டும், நீ நேரத்துக்குப் போறீல்ல."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனான். குழம்புச் சட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

பிரமிளா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமையே தெரியும். தெரிந்தும் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஏழே காலுக்கு, குமுதா வரும் முன்னால், தம்பியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மோட்டாரில் ஏறிப் போயிருக்கிறான்.

மறதியாக இருக்கலாம். அலட்சியமாக இருக்கலாம். ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் நிம்மதியாகக் குடிக்க ஆசைப்பட்டிருக்கலாம். இப்படி ஒன்றிரண்டு காரணத்தை அவனுக்காக அவளே தேடிக் கொடுத்துப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை.

போனை எடுத்தாள். வெண்டிக்கு எழுதினாள்: நாளைக்கு என்னால் வர முடியாது. கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். அனுப்பிவிட்டுத் திரையை அணைத்தாள். இன்னொரு எண்ணைத் தேடினாள், வக்கீல் ஆம்புரோஸ். அதைக் கூப்பிட இந்த வீட்டுக்கு வெளியே போகவேண்டும்.

"நாளைக்கு ஆபீஸ் இருக்குல்ல?" சமையலறையிலிருந்து விக்னேஸ்வரனின் குரல் வந்தது. சாதாரணக் குரல்தான். பத்து வருஷமாகக் கேட்கிற குரல்தான்.

"இருக்குங்க. வழக்கம்போல ஆறு அம்பதுக்குக் கெளம்பிடுவேன்."

கல்யாணமான நாளிலிருந்து புருஷனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

மேசையில் யுகேந்திரன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணி சொன்ன ஆறு ஐம்பதிலிருந்து பதினைந்தைக் கழித்து, நாளைய பக்கத்தில் தன் வரிக்கு மேலே, கறுப்புப் பேனாவால் கவனமாக எழுதினான்.

6.35 அண்ணி கெலுவார்.

பிறகு தலையைச் சாய்த்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பேனாவை மூடவில்லை. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே, கிளம்பவேண்டிய இன்னும் ஒருவருக்காக, ஒரு வரி இடம் விட்டிருந்தான்.